யோசுவாவுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ்

கேமரா வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு, ஸ்டுடியோ வைத்திருந்தவர் மாமனாராக அமையக் கூடாது. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு. இதற்கு எந்தக் கோயிலிலும் அர்ச்சனைச் சீட்டு கொடுப்பதில்லை.

என் மாமனார் கோவில்பட்டிப் பக்கம் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்தவர். அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையே அவர் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, தாடையை இறக்கி, மூச்சைப் பிடித்திருக்கிறது. யாஷிகா கேமரா, 120 ரோல், ரோலுக்குப் பன்னிரண்டு படம், ஆளுக்கு ஒரு கிளிக். நடுவில் கண்ணை மூடிவிட்டால் அது அவரவர் தலையெழுத்து. நெகட்டிவில் பென்சிலால் விழி வரைந்து கொடுப்பார். அதற்குத் தனிக் காசு.

நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மிச்ச நேரத்தில் மரங்களைப் படம் எடுக்கிறவன். என் கேமரா விநாடிக்கு இருபது படம் எடுக்கும். இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"இருபதும் ஒண்ணு போலத்தான இருக்கும்?" என்றார் மாமா.

"அதுல நல்லதைத் தேர்ந்தெடுத்துக்குவோம் மாமா."

"மொதல்லயே நல்லதா ஒண்ணு எடுத்துட்டா?"

இந்தக் கேள்விக்கு ஜப்பானியக் கம்பெனிகளிடமே பதில் கிடையாது. நான் எங்கே போவேன்?

மாமாவும் அத்தையும் எங்களோடு தங்க வந்திருந்த வசந்த காலத்தில், ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போகலாம் என்று முடிவானது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே காரில் இரண்டரை மணி நேரம். மொஹாவி, கொலராடோ என்று இரண்டு பாலைவனங்கள் அங்கேதான் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் பரப்பு. கொலராடோ பக்கம் தாழ்வு, வெக்கை அதிகம். மொஹாவி பக்கம் மேடு, குளிர் அதிகம். ஜோஷுவா மரத்துக்குக் குளிர் வேண்டும் என்பதால் அது மேட்டில்தான் குடியிருக்கிறது.

"தங்குறதுக்கு ஓட்டல் இல்லையா?" என்று அத்தை கேட்டார்.

"டெண்ட் அத்தை. வெட்டவெளியில, தரையில."

"அதுக்குக் காசு வேற வாங்குதாங்களா?"

"முன்பதிவு பண்ணணும். சனி ஞாயிறுக்கு இடம் கிடைக்கிறதே கஷ்டம்."

அத்தை என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு இன்னும் எத்தனை வருடம் தவணை கட்ட வேண்டும் என்று விசாரித்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் தங்கிய ஜம்போ ராக்ஸ் முகாமில் தண்ணீர்க் குழாய் கிடையாது. கழிப்பறை உண்டு, அதிலும் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலனாவது கொண்டுவரச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். அந்தக் கணக்கைப் போட்டவர் காகிதத்தோடு வாழ்ந்து பழகியவர். எங்கள் கணக்கில் குடிக்க, சமைக்க, டிகாக்‌ஷனுக்கு என்ற மூன்று தலைப்புகள் முடிந்ததும் செம்பு என்று நான்காவது தலைப்பு ஒன்று ஆரம்பித்தது. முதல் மூன்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகவில்லை. காரின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர்க் கேன்கள். என் முக்காலியும் லென்ஸ் பையும் மடியில் வந்தன. புளியோதரைத் தூக்கு மட்டும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு தனி இருக்கையில் வந்தது.

பூங்காவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் முதல் கூட்டம் எதிர்ப்பட்டது. சாலையின் இருபுறமும், கண்ணுக்கெட்டிய வரைக்கும். கரடுமுரடான அடிமரம். அதிலிருந்து மடங்கி, திரும்பி, மறுபடி மடங்கிக் கிளம்பும் கிளைகள். ஒவ்வொரு கிளையின் முனையிலும் கத்தி கத்தியாகக் கொத்து இலை. கிளையை ஒட்டிப் போன வருடங்களின் காய்ந்த இலைகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஒன்று இரண்டு கையையும் தூக்கி நிற்கிறது. ஒன்று இடுப்பில் கை வைத்திருக்கிறது. ஒன்று குனிந்து எதையோ தேடுகிறது. எல்லாம் ஏதோ பாதிப் பேச்சில் நிறுத்தியிருக்கின்றன.

மாமா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

"மாப்ளே, யாரு இவங்கள்லாம்?"

நான் விளக்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழியாகப் போன மார்மன் சமயத்தார் இந்த மரங்களைப் பார்த்தார்கள். வானத்தை நோக்கிக் கையை உயர்த்திய யோசுவா தங்களுக்கு வழிகாட்டுவதாக நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

இதை நான் சொல்லியிருக்கக் கூடிய ஆயிரம் பேரில், திருநெல்வேலி ஜில்லாவின் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, திருநீற்று நெற்றியோடு வேதபாடத்தில் பரிசு வாங்கியவரிடம் போய்ச் சொன்னேன்.

"கையைத் தூக்கினது மோசேலா?" என்றார் மாமா. "யாத்திராகமம் பதினேழு. அமலேக்கியரோட சண்டை. மோசே மலை உச்சியில நின்னு கையைத் தூக்கினாரு. கை வலிச்சுப் போயி ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சாங்க. யோசுவா கீழ நின்னு வெட்டிக்கிட்டுல்லா இருந்தான்?"

"வேற எங்கயாவது தூக்கியிருப்பார் மாமா."

"ஆயி பட்டணத்துச் சண்டையில ஈட்டியை நீட்டினான். அது ஒரு கை. இதுல எத்தனை கை இருக்கு, எண்ணிப் பாருங்க."

எண்ணவில்லை. ஆனால் யோசுவாவின் மற்றொரு காரியத்தை மாமாவே நினைவுபடுத்தினார். யோசுவாவின் புத்தகம், பத்தாம் அதிகாரம்: சண்டை முடியும்வரை சூரியனை நகராமல் நிற்கவைத்தவர் யோசுவா. பாலைவனத்தில் படம் எடுக்கிறவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. சாயங்காலம் அந்த மரங்களின் மேல் பொன்வெயில் விழுந்து, ஒவ்வொரு இலைநுனியும் தீப்பற்றி நிற்கும் நேரம் அதிகம் போனால் அரைமணி. முக்காலியை விரிப்பதற்குள் பாதி போய்விடும். மீதிப் பாதியில், "டீ ஆறுது, வாங்க" என்று குரல் வரும். சூரியனைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு, இவ்வளவு மரங்களில் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை.

இந்த மரத்தைப் பார்த்த எல்லோரும் தீர்க்கதரிசியைக் கண்டுவிடவில்லை. 1844-ல் இந்தப் பக்கம் வந்த அமெரிக்கப் படை அதிகாரி ஜான் ஃப்ரீமாண்ட், தாவர உலகத்தில் இதைவிடச் சகிக்காத உருவம் இல்லை என்ற பொருள்பட அறிக்கை எழுதினார். அவர் அழகுணர்ச்சியைப் பற்றி ஒரு தகவல்: 1842-ல் மேற்கே போனபோது, புதிதாக வந்திருந்த டாகரோடைப் புகைப்படக் கருவி ஒன்றையும் சுமந்துபோனார். தகட்டில் ஒன்றும் உருப்படியாக விழவில்லை. உடன்போன வரைபடக்காரர் சார்லஸ் பிராய்ஸ் இதைத் தம் நாட்குறிப்பில் கேலி செய்து வைத்திருக்கிறார். மாமாவிடம் சொன்னேன்.

"படம் விழாதவன் கஸ்டமர் மூஞ்சியைக் குத்தம் சொல்லுவான். எல்லா ஊர்லயும் உள்ளதுதான்" என்றார்.

எங்கள் தொழில் தகராறு கூடாரம் அடித்து முடித்ததும் ஆரம்பமானது. நான் ஒரு மரத்தை நோக்கி முக்காலியை வைத்து, குனிந்து, பின்னணியில் உருண்டைப் பாறைகளை ஒதுக்கி, சட்டகத்தைச் சுத்தமாக்கினேன். மாமா திரையை எட்டிப் பார்த்தார்.

"ஆள் எங்க?"

"ஆள் கிடையாது மாமா. மரம் மட்டும்."

"ஆள் வந்ததும் எடுக்கப் போறீங்களா?"

மாமாவின் தொழிலில் மரம் என்பது துணியில் வரைந்து சுவரில் தொங்குவது. பக்கத்தில் ஒரு மாடிப்படி, தூரத்தில் ஒரு ஏரி, அதில் ஓர் அன்னம். அதற்கு முன்னால் வந்து நிற்பவர்தான் படம். மரத்தை மட்டும் படம் எடுப்பது, இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பந்தி முடிந்தது என்று அனுப்பிவிடுவது போல. குடும்பத்தின் வாட்ஸப் குழுவும் இதே கட்சி. முன்பொரு முறை நான் விடியற்காலையில் எழுந்து எடுத்த தனிமரப் படத்தை அதில் போட்டபோது, "ஆளே தெரியலையே, நெட்வொர்க் ஸ்லோவா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். இன்னொருவர், "நீங்க எங்க நிக்கிறீங்க? மரத்துக்குப் பின்னாலயா?" என்று கேட்டார்.

அத்தை அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மகளின் ஜாக்கெட், மங்கி கேப், ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் ஹேண்ட்பேக். எந்த மரத்தை நோக்கி நான் லென்ஸைத் திருப்பினாலும் அந்த மரத்தடியில் அத்தை முன்னமே நின்றுகொண்டிருந்தார். நான் எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பேன் என்பது எனக்கே தெரியாத நேரங்களிலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர்களிலும் இந்தக் கட்சிக்கு ஆட்கள் உண்டு. 1987-ல் யூ2 இசைக்குழு 'தி ஜோஷுவா ட்ரீ' என்று இசைத்தட்டு வெளியிட்டது. உலகப் புகழ். அதற்காக ஆண்டன் கார்பைன் எடுத்த படத்தில் தன்னந்தனியான ஒரு மரமும் இருக்கிறது, முன்னால் நான்கு ஆட்களும் இருக்கிறார்கள். அந்த மரத்தைத் தேடி ரசிகர்கள் இன்றும் இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். அது இருந்தது இங்கே இல்லை. சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே, டார்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். அங்கேயும் இப்போது இல்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் விழுந்துவிட்டது. நால்வரும் நலமாக இருக்கிறார்கள். ஆள் இருந்தால்தான் படம் நிற்கும் என்பதற்கு இது சான்று என்று மாமா பதிவு செய்துகொண்டார்.

அவர் மனத்தைக் கொஞ்சம் அசைத்தது தாவரவியல்தான். அதுவும் நான் சொன்ன விதத்தால் அல்ல. அது கல்யாண விஷயமாக இருந்ததால்.

ஜோஷுவா மரம் ஒழுங்கான மரம் இல்லை. யுக்கா இனம். சூப்பில் போடும் அஸ்பாரகஸும் நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே குடும்பம்தான். (இதைக் கேட்டதும் அத்தை முதல்முறையாக மரத்தை மரியாதையோடு பார்த்தார். லேகியம் கிண்ட வேரைத் தோண்டக் கூடாது, தேசியப் பூங்கா என்று சொல்ல வேண்டியிருந்தது.) உள்ளே ஆண்டு வளையம் கிடையாது. ஆகவே அறுத்துப் பார்த்தாலும் வயது தெரியாது. வருடத்துக்கு ஒன்றரை முதல் மூன்று அங்குலம் வளரும் என்று வைத்து, உயரத்தைக் கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லலாம். நூற்றைம்பது வருடம் இருப்பது சாதாரணம். பூக்காத வரையில் பெரும்பாலும் கிளை விடாது. ஒற்றைக் கம்பாகவே போய்க்கொண்டிருக்கும். நுனியில் பூத்தால் அந்த இடத்தில் நேர்வழி அடைபட்டு, பக்கவாட்டில் பிரியும். நுனியை வண்டு துளைத்தாலும் அப்படியே.

மாமா நிமிர்ந்து அந்தக் கூட்டத்தை மறுபடி பார்த்தார். இப்போது அவர் கண்ணுக்கு அது கல்யாண ஆல்பம்.

"அப்ப, அந்தா ஒத்தையா நிக்கான்லா, அவனுக்கு இன்னும் ஆகலை."

"ஆகலை மாமா."

"இவருக்கு ஆகி, பிள்ளைகளுக்கும் ஆயிட்டு. பேரன் பேத்தி எடுத்திருக்காரு. சரி, தரகர் யாரு?"

தரகர் ஓர் அந்துப்பூச்சி. விரலின் ஒரு கணுவைவிடச் சிறியது. மேற்குப் பக்கத்து ஜோஷுவா மரங்களுக்கு ஒரே ஓர் இனம், கிழக்குப் பக்கத்து மரங்களுக்கு வேறு ஓர் இனம். இந்தப் பூச்சியைத் தவிர வேறு எந்தத் தேனீயோ வண்டோ வந்து இந்த வேலையைப் பார்ப்பதில்லை. பெண்பூச்சி ஒரு பூவிலிருந்து மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கித் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பூவுக்குப் போகும். அந்தப் பூவின் சூலகத்தில் முட்டையிடும். இட்டுவிட்டு மேலே ஏறி, மகரந்தத்தைச் சூல்முடியில் தானே வைத்து அழுத்தும். மற்றப் பூச்சிகளிடம் மகரந்தச் சேர்க்கை தேன் குடிக்கப் போன இடத்தில் நடந்துவிடும் விபத்து. இது வேண்டுமென்றே செய்யும் வேலை. புழு வெளிவந்து விதைகளில் கொஞ்சத்தைத் தின்னும், மீதி மரத்துக்கு. யுக்கா இனத்தின் இந்த ஏற்பாட்டை 1870-களில் சார்லஸ் ரைலி என்ற பூச்சியியலாளர் விளக்கியபோது டார்வினே வியந்துபோனார்.

"கமிஷன் விதையில" என்றார் மாமா. "ரொக்கமா வாங்குதவனைவிட யோக்கியன். அவன் பிள்ளை வயிறு நிறையணும்னா இந்தக் கல்யாணம் நடந்தே தீரணும்லா?"

பொன்வெயில் அன்று வழக்கம்போல வந்து, வழக்கம்போல ஓடியது. எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றில் மங்கி கேப் இருந்தது. இருட்டியதும் பால்வீதியைப் பிடிக்கத் தயாரானேன். இந்தப் பூங்கா 2017 முதல் சர்வதேச இருள்வானப் பூங்கா. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேலாகும். வெள்ளை வெளிச்சம் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நெற்றியில் கட்டும் விளக்கைச் சிவப்பில் வைத்துக்கொள்வோம். நான் சிவப்பைப் போட்டதும் மாமாவின் முகம் மாறிவிட்டது.

"டார்க் ரூம்!" என்றார். "என்ன மாப்ளே, இதை மொதல்லயே சொல்றதில்லையா?"

அதற்குப் பிறகு அவரைக் கூடாரத்துக்குள் அனுப்ப யாராலும் முடியவில்லை. ஹைப்போ வாசனை இல்லாத குறை ஒன்றுதான். ஊரில் அவர் மனிதர்கள் ஒவ்வொருவராகத் தட்டுக் கரைசலில் மிதந்து வருவதைப் பார்த்தவர். இங்கே இருட்டில் கண் பழகப் பழக, ஒவ்வொரு மரமாக வெளியே வந்தது. "இந்தா இவரு டெவலப் ஆயிட்டாரு. அவரு இன்னும் அரை நிமிசம்" என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். தூரத்தில் கயோட்டி ஓநாய்கள் ஊளையிட்டன. கூடாரத்துக்குள்ளிருந்து அத்தை, "நரியா, பேயா?" என்று கேட்டார். நரி மாதிரி என்று சொன்னதும், "அப்ப சரி" என்று தூங்கிவிட்டார். இருபத்தைந்து விநாடி ஷட்டரைத் திறந்து வைத்திருந்தபோது, பக்கத்து முகாமில் ஒருவர் காரை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டால் எங்கள் மரங்கள் எல்லாவற்றையும் கழுவிவிட்டார். படம் வெள்ளை வெளேரென்று வந்தது. மாமா அதைத்தான் பாராட்டினார். லைட்டிங் போதுமாம்.

காலையில் சோயா கள்ளித் தோட்டத்துக்குப் போனோம். தூரத்தில் பார்த்தால் பஞ்சு பொதிந்த பொம்மை. பக்கத்தில் போனால் அத்தனையும் கொக்கி முள். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் குதிக்கும் கள்ளி என்கிறார்கள். அது மாமாவின் வேட்டியைத் தேர்ந்தெடுத்தது. கையால் எடுக்கப் போனால் கைக்கு வரும். அனுபவசாலிகள் இதற்கென்று ஒரு சீப்பைப் பையில் வைத்திருப்பார்கள். முள்ளுக்கும் துணிக்கும் நடுவில் நுழைத்து ஒரே வீச்சாக விலக்க வேண்டும். என் பையில் லென்ஸ் துடைக்க மூன்று வகைத் துணியும் தூசு ஊதும் பம்ப்பும் இருந்தன. அத்தையின் ஹேண்ட்பேக்கில் சீப்பு இருந்தது. அந்த ஹேண்ட்பேக்கைப் படங்களிலிருந்து நீக்குவது பற்றி நான் அதன்பிறகு பேசவில்லை.

திரும்பும் வழியில் மினர்வா ஹாய்ட் அம்மாளின் கதையைச் சொன்னேன். பாசடீனா ஊரின் வசதியான வீட்டுப் பெண்மணி. லாஸ் ஏஞ்சலஸ் தோட்டங்களுக்காகப் பாலைவனச் செடிகளை லாரி லாரியாகத் தோண்டிப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் கிளம்பினார். 1920-களின் கடைசியில் பாலைவனத் தாவரங்களை நியூயார்க்கிலும் லண்டனிலும் கண்காட்சியாக வைத்தார். ஸ்டீபன் வில்லார்ட் என்ற புகைப்படக்காரர் எடுத்த பாலைவனப் படங்களை ஆல்பமாகக் கட்டி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் சேர்த்தார். 1936 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டு, இந்த இடம் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமானது. 1994-ல் தேசியப் பூங்காவானது.

"ஆல்பத்தைக் காட்டித்தான் நம்ம ஊர்லயும் சம்பந்தம் முடிக்கோம்" என்றார் மாமா. பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "அந்த ஆல்பத்துல ஆள் இருந்துதா?"

"மரமும் கள்ளியும் மணலும்தான் மாமா."

"ஆள் இல்லாத ஆல்பத்தை ஒரு ஜனாதிபதி பாத்தாரா?"

"பார்த்துக் கையெழுத்தும் போட்டார்."

மாமா வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு இந்த மரங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்டார். வாடிக்கையாளரின் குடும்ப நிலைமையை விசாரிக்கும் குரல். சொன்னேன். 2020 ஆகஸ்டில், வடகிழக்கே மொஹாவி காப்பகத்தின் சீமா மேட்டில் மின்னலில் பற்றிய தீ சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்களைக் கொன்றது. வெப்பம் இப்படியே ஏறிக்கொண்டு போனால், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தப் பூங்காவிலேயே இவற்றுக்கு ஏற்ற இடம் அநேகமாக இல்லாமல் போய்விடும் என்று 2019-ல் ரிவர்சைடு நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த இடத்துக்கு நகரலாம் என்றால், விதையைத் தூரதேசம் சுமக்க ஆளில்லை. ஒரு காலத்தில் கரடி அளவில் ஒரு தரைவாழ் ஸ்லாத் விலங்கு இந்தப் பழத்தைத் தின்றுவிட்டு ஊர் ஊராக நடந்து சாணம் போட்டது. நெவாடாவின் ஜிப்சம் குகையில் அந்தச் சாணமே கிடைத்திருக்கிறது. விலங்கு அழிந்து பத்தாயிரம் வருடத்துக்கு மேலாகிறது. இப்போது விதையை எடுத்துப் போவது அணிலும் எலியும். அவை பக்கத்துத் தெருவைத் தாண்டுவதில்லை. 2023-ல் மாநிலம் தனிச் சட்டம் போட்டது. மேற்கத்திய ஜோஷுவா மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

"வெட்டுதவனுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். வெயிலுக்கு யாரு கொடுப்பா?" என்றார் மாமா.

முகாமுக்கு வந்ததும் என் கேமராவைக் கேட்டார். அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை.

"இதுல ஒண்ணே ஒண்ணு எடுக்க முடியுமா மாப்ளே?"

முடியும். ஆனால் அதற்கான பொத்தானை வாங்கிய நாளிலிருந்து நான் தேடியதில்லை. மெனுவுக்குள் மெனுவாகப் போய்க் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் கூடாரத்தை அடுத்து ஒரு கிழமரம் நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பெரிய கிளையை எப்போதோ இழந்திருந்தது. மாமா அதற்கு எதிரே முக்காலியை வைத்தார். நான் வழக்கமாக வைக்கும் உயரத்தில் அல்ல, மரத்தின் நெஞ்சுயரத்தில். வெயில் பக்கவாட்டுக்கு இறங்கும்வரை காத்திருந்தார். காற்று நிற்கும்வரை காத்திருந்தார். அத்தை பழக்கதோஷத்தில் ஹேண்ட்பேக்கோடு போய் மரத்தடியில் நின்றார்.

"கொஞ்சம் தள்ளு. அவரை மறைக்கே" என்றார் மாமா.

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படத்திலிருந்தும் அத்தையை யாரும் தள்ளச் சொன்னதில்லை. அதுவும் கணவர். அதுவும் ஒரு மரத்துக்காக. அன்றைய காபியில் மாமாவுக்குச் சர்க்கரை கிடைக்கவில்லை; மறுநாளும்.

"என்ன மாமா, ஆள் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"தாத்தா செத்துப் பத்தாம் நாள் காரியத்துக்குப் படம் வேணும்னு வருவாங்க மாப்ளே. தனிப்படம் இருக்காது. எவன் கல்யாணத்துலயோ மூணாவது வரிசையில நிப்பாரு. முன்னால நிக்கவன் தலை அவரு தாடையை மறைச்சிருக்கும். அதை வெட்டி, பெரிசாக்கி, இல்லாத தாடையை நான் வரையணும். எத்தனை தாடை வரைஞ்சிருக்கேன் தெரியுமா? உசிரோட இருக்கையிலேயே ஒரு தடவை தனியா உக்கார வச்சு எடுத்திருந்தா எனக்கு அந்த வேலை இல்லை." அவர் மறுபடி கேமராவுக்குள் குனிந்தார். "இவருக்கும் ஆளு முன்னால நின்னுக்கிட்டேதான் இருக்கு."

கிளிக். ஒன்றுதான். கண் மூடாத கஸ்டமர் கிடைப்பது அபூர்வம் என்றார்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தோம். அந்த உடைந்த கிளையை மென்பொருளில் இரண்டு நிமிடத்தில் ஒட்டிவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

"வேண்டாம். அங்க அடையாளம் மாறிரும். பாஸ்போர்ட்ல டச்சப் செல்லாது."

அவர்கள் ஊர் திரும்பும்போது அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். கோவில்பட்டி வீட்டின் கூடத்தில், பூட்டன் பூட்டிகளின் படவரிசையில் இப்போது அது தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும், இது யார், அம்மா வழியா அப்பா வழியா என்று விசாரிக்கிறார்களாம். போன மாதம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை பூஜைக்காக அத்தை நாற்காலி போட்டு ஏறி, வரிசையாக எல்லாப் படங்களுக்கும் சரம் சாத்திக்கொண்டு வந்தார். கடைசிப் படத்துக்கு அவர் கை நீண்டதும் மாமா போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். எனக்குத் தெரிந்தது உத்தரம் மட்டும். குரல் நன்றாகக் கேட்டது.

"ஏய், அவருக்கு மாலை போடாத! ஆளு இன்னும் இருக்காரு!"